அப்பா போட்ட மூன்று விண்ணப்பங்கள்

அப்பா இறந்த பதினெட்டாம் நாள் எனக்கு ஒரு இன்டர்வியூ கடிதம் வந்தது. கோடைக்கானல் ஏரியில் படகுகள் வைத்திருந்த ஒரு கிளப், அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்னை நேரில் வரச் சொல்லியிருந்தது. படகுத்துறை உதவியாளர் வேலை. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தக் கிளப்புக்கு நான் விண்ணப்பம் போட்டதே இல்லை. எனக்கு நீச்சலும் தெரியாது.

கடிதத்தைக் கொண்டுவந்தவர் அப்பாவோடு பழனி தபாலாபீசில் வேலை பார்த்தவர். அப்பா இருபத்தாறு வருஷம் தபால்காரராக இருந்தார். அவர் போன பிறகு எங்கள் தெரு இந்தச் சிநேகிதரின் பொறுப்புக்கு வந்திருந்தது. கவரைக் கொடுத்துவிட்டு அவர் போகவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டே வாசலில் நின்றார்.

“மதினி, இதச் சொல்லலாமா கூடாதான்னு தெரியல. அண்ணன் கடைசி ஒரு மாசமா சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ்லயே உக்காந்து தம்பி பேருல அப்ளிகேஷன் எழுதிப் போடுவாரு. கார்பன் பேப்பர் எல்லாம் வச்சு எழுதுவாரு. தம்பி கையெழுத்தையும் அவரே போட்ருவாரு. வீட்டுல சொல்லிப்புடாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு.”

“எத்தன போட்டாக?” என்று அம்மா கேட்டாள்.

“அது அவருக்கே தெரியாதுங்க மதினி.”

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் நான் சும்மா இருந்த இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்துவிட்டு, இரண்டு வருஷம் வேலை தேடினேன். அது ஐம்பதுகளின் கடைசி. வேலை இல்லாமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று தெரிய வேண்டுமானால் பழனியில் ஒரு தபால்காரருக்கு மகனாக இருந்து பார்க்க வேண்டும். அப்பாவுக்கு எல்லா வீடும் தெரியும். எல்லா வீட்டுக்கும் என்னைத் தெரியும். அடிவாரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் “வேல கெடச்சுருச்சா தம்பி” என்று எட்டுப் பேராவது கேட்பார்கள். அதற்குப் பயந்து குதிரை வண்டிகள் நிற்கிற சந்து வழியாகச் சுற்றிப் போவேன். அங்கே வண்டிக்காரர்கள் கேட்பார்கள். தூக்கம் போய்விட்டது. நகம் முழுவதையும் கடித்துத் தீர்த்துவிட்டு, சட்டைக் காலரைக் கடிக்கத் தொடங்கியிருந்தேன். வீட்டில் எலி புகுந்துவிட்டதாக நினைத்த அம்மா துணிப்பெட்டிக்குப் பக்கத்தில் எலிப்பொறி வைத்து, அதில் தினமும் ஒரு துண்டு தேங்காய் மாட்டினாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. தேங்காயையும் நானே தின்றேன்.

அப்பாவுக்குக் கோடைக்கானல் மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த ஊரிலிருந்து வருகிற கவர்கள் தடிப்பாக இருக்கும் என்பார். “தடிச்ச கவர் அனுப்புற ஊருல தடிச்ச வேல இருக்கும்” என்பது அவர் கண்டுபிடிப்பு. வேறு ஊர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. எந்த ஆபீசில் யார் ரிட்டையர் ஆகிறார், யார் கோபித்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் தபால் கொடுக்கும்போதே அவர் காதுக்கு வந்துவிடும். உடனே எனக்கு விண்ணப்பம் போட்டுவிடுவார். அவருடைய இங்கிலீஷ் ஒரே ஒரு மாதிரிக் கடிதத்திலிருந்து கற்றுக்கொண்டது. எல்லா விண்ணப்பமும் ஒரே மாதிரி பணிந்து தொடங்கி, நடுவில் எனக்குத் தெரியாத வித்தைகளைச் சொல்லி, மறுபடி பணிந்து முடியும்.

அவர் சாவதற்கு ஒரு மாசத்துக்கு முன்னால், மதுரையில் ஒரு மில் ஆபீஸ் இன்டர்வியூவுக்குப் போய்த் தோற்றுத் திரும்பினேன். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். எல்லார் முன்னாலும் நின்றுகொண்டு, என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை எனக்கு வெறி பிடித்துவிட்டது.

“இனிமே எனக்காக ஒரு காயிதமும் எழுதாதீங்க. உங்க சோலியப் பாருங்க.”

“சரிப்பா” என்றார். வீட்டுக்கு வந்தார். இரண்டு தோசை தின்றார். படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு விண்ணப்பம் என்ற வார்த்தையே வீட்டில் எழவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், தபால் கொடுத்துக்கொண்டு போகும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டிக்கடையில் உட்கார்ந்து சோடா கேட்டிருக்கிறார். கடைக்காரர் சோடாவை உடைத்துக் கையில் கொடுப்பதற்குள் போய்விட்டார். பையில் மூன்று கடிதங்கள் மிச்சம் இருந்தன. சிநேகிதர் அந்த மூன்றையும் உரிய வீடுகளில் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். அப்பா அதைத்தான் விரும்பியிருப்பார் என்று அம்மா அவரைக் கோபிக்கவில்லை.

காரியத்துக்கு எனக்கு மொட்டை போட்டார்கள். மற்ற ஊர்களில் மொட்டைத் தலையைப் பார்த்தால் துக்கம் விசாரிப்பார்கள். பழனியில் சந்தனம் விற்பார்கள். கருமாதி முடிந்த மறுநாள் கடைத்தெருப் பக்கம் போனேன். என்னைத் தெரியாத வெளியூர் வியாபாரிகள் எல்லாரும் என்னைப் பக்தன் என்று நினைத்துக்கொண்டார்கள். “மொட்ட நல்லா எறங்கியிருக்கு சாமி, சந்தனம் அப்பிக்கிடுங்க” என்று ஒருவர் தலையைத் தடவியே பார்த்துவிட்டார். என்னை அடையாளம் தெரியாத ஒரு வழிகாட்டி என் கையைப் பிடித்து, ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று இழுத்துக்கொண்டு போனார். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த ஊரை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனேன். கிரிவீதி, மண்டபம், மயில் எல்லாம் காட்டினார். கடைசியில் எங்கள் தெரு முனைக்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

“இந்தத் தெருவுல ஒரு போஸ்ட்மேன் இருந்தாரு சாமி. போன மாசம் தவறிட்டாரு. தங்கமான மனுசன். விலாசம் இல்லாத காயிதத்தக் கூடக் கொண்டாந்து சேத்துருவாரு.”

நான் தெருவில் உட்கார்ந்து அழுதேன். அவர் பயந்துபோய், எனக்குச் சூடு தாங்கவில்லை என்று நினைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தார்.

இந்த நிலைமையில்தான் படகுத்துறைக் கடிதம் வந்தது. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு வந்தன. ஒன்று கோடைக்கானலில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து. பாட்டு டீச்சருக்குத் துணையாக வாத்தியம் வாசிக்க ஆள் வேண்டும், புதன்கிழமை வரவும் என்று இருந்தது. மற்றொன்று உருளைக்கிழங்கும் பேரிக்காயும் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற ஒரு ஆபீசிலிருந்து. டைப்பிஸ்ட் வேலை, எந்த நாளிலும் வரலாம். அதில் என் பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ என்று கையால் எழுதியிருந்தது. என் பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வைக்கிற பெயர்.

“டைப்பிஸ்ட் இல்லாத ஆபீஸ்ல அப்பிடித்தான் தப்பு வரும்” என்றார் என் மாமா. அம்மாவின் தம்பி. ஆயக்குடியில் கொய்யாத்தோப்பு வைத்திருந்தார். எந்த விஷயத்துக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கும்.

நான் போகவில்லை என்றேன். அம்மா மூன்று கடிதங்களையும் அப்பாவின் போட்டோவுக்கு முன்னால் வரிசையாக வைத்தாள்.

“அப்பா போட்டது. போய்ட்டு வா.”

“எனக்குப் படகு விடத் தெரியாதும்மா.”

“அது அப்பாவுக்கும் தெரியும்ல. தெரிஞ்சுதான போட்டுருக்காக.”

மாமா துணைக்கு வருவதாக முடிவாயிற்று. சிபாரிசு இல்லாதவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பெரிய கூடை நிறையக் கொய்யாப்பழம் எடுத்துக்கொண்டார்.

பழனியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கோடைக்கானல் மலை தலைக்கு மேலேயே இருப்பதுபோலத் தெரியும். பஸ்ஸில் போக வேண்டுமென்றால் வத்தலக்குண்டு வரை சுற்றிக்கொண்டு போய்த்தான் ஏற வேண்டும். வெள்ளனே கிளம்பினோம். மலை ஏறத் தொடங்கியதும் மாமாவின் கூடை, முதல் கொண்டை ஊசி வளைவிலேயே சாய்ந்துவிட்டது. வலது பக்க வளைவில் பழமெல்லாம் இடது பக்கம் ஓடும். இடது பக்க வளைவில் திரும்பி வரும். வராத பழங்களைப் பிரயாணிகள் தின்றுவிட்டார்கள். ஒன்று டிரைவரின் காலடிக்குப் போய்விட்டது. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, குனிந்து அதை எடுத்து, துடைத்து, டிரைவருக்கே கொடுத்தார். பெருமாள்மலை வருவதற்குள் கூடையில் பாதிதான் கெட்டியாக இருந்தது.

“பாதி வேலைக்காவது ஆகும்லே” என்றார் மாமா.

குளிர் எனக்குத் தலையில்தான் முதலில் ஏறியது. மொட்டைத் தலைக்குள் குளிர் எப்படிப் போகும் என்பது முடி உள்ளவர்களுக்குத் தெரியாது. அம்மா கொடுத்த கம்பளிக் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். பஜாரில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு பூண்டு வியாபாரி, பக்கத்துப் பள்ளங்கி கிராமத்துக்காரர், தன் கிடங்கில் எங்களுக்கு இடம் கொடுத்தார். அங்கே தங்கிய மூன்று நாளும் எங்கள் சட்டையில் பூண்டு வாசம்.

செவ்வாய்க்கிழமை காலை படகுத்துறைக்குப் போனோம். செயலாளர் வயதானவர். கோட்டுப் போட்டு, டை கட்டி, கையில் குடை வைத்திருந்தார். என் விண்ணப்பத்தைப் படித்தார்.

“சிறு வயசிலேருந்தே தண்ணியோட நல்ல பழக்கம்னு எழுதியிருக்கீங்களே மிஸ்டர். எங்க?”

“வீட்டுலதாங்க” என்றேன். பொய் இல்லை. எங்கள் வீட்டில் தினமும் முப்பது குடம் நான்தான் இறைப்பேன்.

“ஓக்கே. ரோ பண்ணிக் காட்டுங்க. நானும் வரேன்.”

அவர் படகில் ஏறிக் குடையை விரித்துக்கொண்டு கவர்னர்போல உட்கார்ந்தார். நான் இரண்டு துடுப்புகளையும் பிடித்தேன். மாமா கரையில் கூடையோடு நின்றார். நான் இழுத்தேன். படகு அழகாக ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடி வட்டம். என் வலது கை குடம் இறைத்துப் பழகிய கை. இடது கை சும்மா இருந்து பழகியது.

“வலத்தான விடுலே. எடத்தான இழு” என்று மாமா கரையிலிருந்து கத்தினார். மாட்டுவண்டி ஓட்டுகிற கணக்கில் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எது வலத்து மாடு, எது இடத்து மாடு என்பதுதான் புரியவில்லை, ஏனென்றால் நான் அவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஆறாவது வட்டத்தில் செயலாளர் மெதுவாக, “உங்களுக்கு மயக்கம் வருதா? எனக்கு வருது” என்றார். ஏழாவது வட்டத்தில் படகு கோரைக்குள் போய்ச் செருகிக்கொண்டது. துடுப்பால் தள்ளப்போன வேகத்தில் என் குல்லா தண்ணீரில் விழுந்தது.

செயலாளர் என் தலையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“பழனிக்குப் போய்ட்டு வாறீங்களா?”

“பழனியிலிருந்துதாங்க வாறேன்.”

“சுவாமி தரிசனம் நல்லா கிடைச்சுதா?”

எங்கள் அப்பா செத்துப்போனார் என்று கோரைக்கு நடுவில் ஒரு படகில் வைத்து எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லா கிடைத்தது என்றேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, கன்றுக்குட்டியை இழுப்பதுபோலப் படகைக் கயிறு பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். ஈரக் கையாலேயே செயலாளருக்கு இரண்டு கொய்யாப்பழம் கொடுத்தார். அவர் ஒன்றை அங்கேயே கடித்துப் பார்த்துப் பழம் பிரமாதம் என்றார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம். மாமாவை வாசல் கேட்டுக்கு உள்ளே விடவில்லை. பெண்கள் பள்ளி. அவர் காவல்காரரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு வெளியிலேயே இருந்துவிட்டார். நான் மட்டும் போனேன். ஒரு பெரிய அறையில் கறுப்பாக ஒரு பியானோ இருந்தது. அதுவரை பியானோவை நேரில் பார்த்ததில்லை. முதலில் அதைச் சாப்பாட்டு மேஜை என்று நினைத்து, மேலே கொய்யாப்பழத்தை வைத்தேன்.

வந்தவர் வெள்ளைக்கார மதர். தமிழைப் புத்தகத்திலேயே படித்தவர். பேசுவதும் புத்தகம்போலவே இருக்கும்.

“அமரும். நீர் எவ்வளவு காலமாக வாசிக்கிறீர்?”

“என்னத்தங்க?”

“வாத்தியம். சகல வாத்தியமும் வாசிப்பேன் என்று எழுதியிருக்கிறீரே.”

முந்தின நாளைய வட்டம் இன்னும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இனிமேல் முடியாது என்று ஆகிவிட்டது. எழுந்து நின்று, எனக்கு ஒரு வாத்தியமும் தெரியாது, இதை எழுதியவர் எங்கள் அப்பா, என்னைக் கேட்காமல் எழுதியது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

மதர் கோபிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விண்ணப்பத்தை மறுபடி எடுத்தார்.

“ஆகையால்தானோ. இதிலே ஓரிடம் எனக்கு விளங்கவில்லை. ‘நான் இன்னது படித்தேன், நான் இன்னது அறிவேன்’ என்று வந்துகொண்டிருக்கிறது. திடீரென்று ‘என் மகன்’ என்று வருகிறது. இவருக்கு எத்தனை வயது, மகன் வேறு இருக்கிறானா என்று நாங்கள் யாவரும் வியந்தோம்.”

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். இங்கிலீஷில் இருந்ததை அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழாக்கிச் சொன்னார்.

“‘என் மகன் நற்குணமுள்ளவன். எதிர்த்துப் பேசாதவன். கொஞ்சம் பயந்த சுபாவம். தட்டிக்கொடுத்தால் நன்றாக வேலை செய்வான்.’ பிறகு மறுபடியும் ‘நான்’ என்று வருகிறது.”

தேதியைக் கேட்டேன். சொன்னார். நான் மதுரையிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் கத்தியதற்கு மறுநாள்.

“உம்முடைய தகப்பனாரை ஒரு நாள் இங்கே வரச்சொல்லும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார் மதர்.

“இறந்துட்டாருங்க. ஒரு மாசம் ஆச்சு.”

அவர் சிரிப்பு நின்றது. எனக்குத்தான் அந்த நேரம் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. சகல வாத்தியமும் என்று எழுதும்போது அப்பாவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து, சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. மதர் எழுந்து வந்து, என் மொட்டைத் தலையின் மேல் கையை வைத்து மெதுவாகத் தட்டினார். விண்ணப்பத்தில் எழுதியிருந்த யோசனையைத்தான் செய்து பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு டீயும் ஒரு பன்னும் வரவழைத்தார். வேலை இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்ததால் நிம்மதியாகச் சாப்பிட்டேன். கிளம்பும்போது அந்த விண்ணப்பத்தைக் கேட்டேன். மடித்துக் கொடுத்தார். பியானோ மேல் வைத்த கொய்யாப்பழத்தை மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

மாமாவிடம் என் அழுத முகத்துக்கு விளக்கம் தயாராக இருந்தது.

“ரொம்பக் கேள்வி கேட்டுட்டாகளோ?”

“இல்ல மாமா. ரொம்ப நல்லவங்க.”

“அதான பார்த்தேன். நல்லவுககிட்ட வேல கெடைக்காது. நாளைக்கு உருளைக்கெழங்குக்காரன்கிட்ட போவோம்.”

அந்த ஆபீஸ் சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைக் கட்டிடம். முன்னால் சாக்கு மூட்டைகளும் வைக்கோலும். மானேஜர், தலை நரைத்த கிறிஸ்தவர். கம்பளி மப்ளரைக் காது மறையக் கட்டியிருந்ததால் பாதிப் பேச்சு அவருக்குக் கேட்காது. கடிதத்தை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“பொண்ணு எங்க?”

“எந்தப் பொண்ணுங்க?”

“லேடி டைப்பிஸ்ட். நாங்க விளம்பரம் பண்ணது லேடி டைப்பிஸ்ட்டுக்கு. உங்க சிஸ்டரா? வெளிய நிக்கிறாங்களா?”

அப்பா விளம்பரத்தில் ‘டைப்பிஸ்ட்’ என்ற வார்த்தையை மட்டும் பார்த்திருக்கிறார். அல்லது இரண்டையும் பார்த்துவிட்டு, என் மகனால் முடியாதது என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். அவரைத் தெரிந்தவன் என்ற முறையில் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மானேஜர் தலையில் கை வைத்தார். முன்னே இருந்த டைப்பிஸ்ட் ஆண். மெஷின் மேலேயே தலை வைத்துத் தூங்குவான், வைக்கோலுக்குப் பக்கத்தில் பீடி குடிப்பான். இனிமேல் பெண் டைப்பிஸ்ட்தான் என்று மதுரையிலிருந்த முதலாளி உத்தரவு போட்டுவிட்டார். இந்தக் குளிருக்கு எந்தப் பெண்ணும் வரவில்லை. இரண்டு மாசத்துக் கடிதம் அடிக்காமல் கிடக்கிறது.

“டைப் அடிக்கவாவது தெரியுமா?”

அப்பா எழுதிய எல்லாவற்றிலும் இது ஒன்றுதான் உண்மை. “தெரியுங்க” என்று நான் சொன்ன சத்தத்தில் மாமாவே திடுக்கிட்டார்.

மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். விரல்கள் விறைத்துப்போய் அசையவில்லை. மாமா என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் வாய்க்கு நேராக வைத்து, அடுப்பு ஊதுவதுபோல ஊத ஆரம்பித்தார். மானேஜர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விதைக்கிழங்கு அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் சொன்னார். ஒவ்வொரு பத்திக்கு நடுவிலும் மாமா ஊதினார். அடித்து முடித்தேன். ஒரே ஒரு பிழை. மானேஜர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டு மாசமாகச் சோறு பார்க்காதவர் சோற்றைப் பார்ப்பதுபோல இருந்தது அவர் முகம்.

“ஆனா போஸ்ட் லேடி டைப்பிஸ்ட் போஸ்ட். ஆம்பளைய வைக்கணும்னா ஓனருக்கு லெட்டர் போட்டுக் கேக்கணும்.”

“கேளுங்களேன்” என்றார் மாமா.

“லெட்டர் அடிக்க டைப்பிஸ்ட் இல்லையே.”

மூன்று பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். மானேஜர்தான் வழி கண்டுபிடித்தார். முதலாளிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, மேலே வருவதில்லை. கடிதத்தில் மிஸ் என்று இருப்பது அப்படியே இருக்கட்டும். “நீங்க பாட்டுக்கு வாங்க, டைப் அடிங்க. பேப்பர்ல நீங்க லேடி. அவ்வளவுதான்.”

இப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு வந்த நியமன உத்தரவை அடுத்த வீட்டு ஹைஸ்கூல் பெண் படித்து அம்மாவுக்கு அர்த்தம் சொன்னாள். “அவள் உடனடியாக வேலையில் சேர வேண்டும்னு போட்டுருக்கு அத்தே.” அம்மா உத்தரவை வாங்கிக்கொண்டாள். “அவனோ அவளோ, அப்பா வாங்கிக் கொடுத்த வேல. வெரசாக் கிளம்பு” என்று சொல்லிவிட்டு, உத்தரவைப் போட்டோவுக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள்.

லேடி டைப்பிஸ்ட்டுக்காகத் தனியாக ஒரு அறை தடுத்து வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி. சாக்குத் தைக்கிற இரண்டு பெண்கள் தலைவாரிக்கொள்ள அங்கே வருவார்கள். ஒருத்தி வடகவுஞ்சி என்ற மலைக்கிராமத்துக்காரி, மற்றவள் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள். முதல் வாரம் என்னைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். இரண்டாவது வாரம், சீப்பை எங்கே வைத்தீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு அப்போது தலையில் அரை விரல்கூட முடி இல்லை.

சித்திரையில் முதலாளி எதிர்பாராமல் வந்துவிட்டார். மதுரையில் வெயில் தாங்கவில்லையாம். நேராக என் அறைக்கு வந்தார்.

“லேடி டைப்பிஸ்ட் எங்க?”

மானேஜர் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். “லீவு சார்.”

“இவரு யாரு?”

“அவங்களுக்குப் பதிலா வந்திருக்கார் சார். டெம்பரரி.”

முதலாளி என் பக்கத்தில் நின்று நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மானேஜரை வெளியே கூப்பிட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது. “இந்தப் பையன் நல்லா அடிக்கிறான்யா. அந்தப் பொண்ண விட இவன் தேவல. அவ லீவு முடிஞ்சு வந்தாலும் இவன அனுப்பிடாத.” அந்தப் பெண் இதுவரை அடித்தது எல்லாம் அவருக்கு எப்படிப் பிடிக்காமல் போயிற்று என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. இரண்டு மாசம் கழித்து, லேடி டைப்பிஸ்ட் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று மதுரைக்கு நானே ஒரு கடிதம் அடித்தேன். வாழ்த்துச் சொல்லி முதலாளி பதில் போட்டார். அன்றிலிருந்து காகிதத்திலும் நான் ஆண்பிள்ளை ஆனேன்.

துக்கம் முடிந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். ஆடி மாசம், சாரலும் மூடுபனியுமாக இருந்த ஒரு நாள். பழனிக்கு அனுப்பிய ஒரு பார்சல் போய்ச் சேரவில்லை என்று மானேஜர் ஒரு புகார் கடிதம் சொல்லிக்கொண்டிருந்தார். பெறுநர், போஸ்ட் மாஸ்டர், பழனி என்று அடித்தேன். அதற்குமேல் விரல் போகவில்லை. என் வாழ்நாளில் அந்த ஆபீசுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுதத் தேவை இருந்ததில்லை. எது வேண்டுமானாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடமே சொல்லிவிடலாம்.

மெஷின் மேல் தலையை வைத்து அழுதேன். சாக்குத் தைக்கிற பெண்கள் ஓடிவந்தார்கள். மானேஜர் திட்டிவிட்டார் என்று நினைத்து, தோட்டத்துப் பெண் அவரை முறைத்தாள். அவர் இரண்டு கையையும் விரித்து, “நான் ஒண்ணும் சொல்லலம்மா. பழனிக்கு லெட்டர்னேன், அவ்வளவுதான்” என்றார். வடகவுஞ்சிப் பெண் மடியிலிருந்து மூன்று பிளம்ஸ் பழத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

“எங்கப்பாரு செத்தப்போ எனக்கு அழுகையே வரலண்ணே. எட்டு மாசம் கழிச்சுச் சந்தையில, முட்டக்கோசு வாங்கும்போது வந்துச்சு. முட்டக்கோசுக்காரன் பயந்து ஒண்ணு சும்மா குடுத்தான். நீங்க அழுங்க.”

அழுதேன். மானேஜர் வெளியே போய், மூட்டை இறக்குகிறவர்களைச் சத்தம் போடாமல் இறக்கச் சொன்னார். பிறகு கதவிடுக்கில் தலையை நீட்டி, “அந்த லெட்டர் நாளைக்கு அடிச்சாப் போதும் மிஸ்டர்” என்றார்.

பிளம்ஸ் மூன்றையும் தின்றேன். இரண்டு புளிப்பு, ஒன்று இனிப்பு. அரைமணி கழித்து, மறுநாள் வரை காத்திருக்காமல் அந்தக் கடிதத்தை அன்றைக்கே அடித்து முடித்துத் தபாலில் சேர்த்தேன்.